முறையா, மொழியா? - எட்வர்ட் மைனர் கேலடெட்டின் கடிதங்களில் சைகை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் நிருவாக வரலாற்றுக்குரிய சான்றுகளாகவே கொள்ளப்படுகின்றன. நன்கொடை, கட்டடம், ஆசிரியர் நியமனம் ஆகியவையே அவற்றின் பொருள். வாஷிங்டனில் காதுகேளாதோர்க்கான கல்லூரியை 1864 முதல் 1910 வரை தலைவராக இருந்து நடத்திய எட்வர்ட் மைனர் கேலடெட்டின் (1837-1917) கடிதங்களிலும் இவை உண்டு. ஆண்டுதோறும் காங்கிரசிடம் நிதி வேண்டி நிற்க வேண்டிய நிறுவனம் அது. ஆயினும் ஒரு மொழி மொழியாக மதிக்கப்படுமா என்னும் வழக்கும் இக்கடிதங்களில் நடைபெறுகிறது. அவ்வகையில் இவை மொழியியலாரின் கவனத்துக்கு உரியன. கேலடெட்டின் தாள்களும் அவருடைய எதிர்வழக்காளர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குடும்பத் தாள்களும் இன்று காங்கிரசு நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் ஒரே கூரையின்கீழ் உள்ளன.

இவ்விருவரின் பின்னணி ஓரளவு ஒத்தது. பெல்லின் தாயும் மனைவியும் காதுகேளாதவர்கள். கேலடெட்டின் தாய் சோபியா பவுலரும் அவ்வாறே. தந்தை தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட், பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த லோரான் கிளெர்க்குடன் சேர்ந்து 1817இல் ஹார்ட்போர்டில் பள்ளியைத் தொடங்கியவர். எனவே மகன் கேலடெட் சைகையைப் பள்ளியில் கற்றவர் அல்லர், தாயிடமிருந்து பெற்றவர். இன்றைய வழக்கில் கூறின், சைகைமொழி அவருடைய தாய்மொழிகளுள் ஒன்று. தம் தாயின் மொழியைக் காப்பதற்காக அவர் எழுதியவை அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தமை அக்காலத்தில் தவிர்க்க இயலாதது. சைகையைத் தாளில் பதிக்கும் வழக்கில் உள்ள குறியீடு எதுவும் அன்று இல்லை.

அந்த ஆங்கிலத்தில் சைகை எப்பெயரால் சுட்டப்படுகிறது என்பதே இங்கு நோக்கத்தக்கது. அன்றைய விவாதம் ‘முறைகள்’ பற்றிய விவாதம் என்றே வழங்கப்பட்டது. பேச்சுமுறை, சைகைமுறை, இரண்டையும் இணைக்கும் கூட்டுமுறை என்பன அதன் கலைச்சொற்கள். 1867இல் ஐரோப்பியப் பள்ளிகளைப் பார்வையிட்டுத் திரும்பிய கேலடெட், பேச்சொலிப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தார். கூட்டுமுறையின் தலைசிறந்த வழக்கறிஞர் ஆனார். இது நேர்மையான நடுவழி என்று தோன்றும். மொழியியல் நோக்கில் இதில் ஒரு பெரிய விட்டுக்கொடுப்பு மறைந்துள்ளது. மொழி ஒன்றை ‘முறை’ என்று அழைத்துவிட்டால், அதைப் பயனால் மட்டுமே அளக்க முடியும். பயன் குறைவு எனக் காட்டப்பட்டதும் அதைக் கைவிடலாம். முறைக்கு இலக்கணம் வேண்டியதில்லை, அதைப் பேசும் சமூகமும் வேண்டியதில்லை. பெல்லுக்கு வசதியான களம் இது. அக்களத்திலேயே கேலடெட் வாதாடினார்.

அவர் கருத்து ஒரே நிலையில் நின்றதும் இல்லை. அமெரிக்கக் காதுகேளாதோர் ஆசிரியர் இதழில் 1871இல் அவர் எழுதிய கட்டுரை, சைகைமொழி வகுப்பறையில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுகிறதா என்று கேட்டது. 1887இல் அதே இதழில் எழுதியது சைகைமொழியின் மதிப்பைப் பற்றியது. இடையில் நிகழ்ந்தவற்றைக் கருதினால் இம்மாற்றம் விளங்கும். 1880இல் மிலான் மாநாடு மிகப் பெரும்பான்மை வாக்குகளால் தூய பேச்சுமுறையை ஏற்றது. அங்குச் சென்றிருந்த கேலடெட் தோற்ற சிறுபான்மையினருள் ஒருவர். அதே ஆண்டில் அவருடைய கல்லூரி பெல்லுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1883இல் பெல், காதுகேளாதோர் தமக்குள் மணம்புரிவதால் மனித இனத்தில் ஒரு தனிவகை உருவாகலாம் என்னும் அறிக்கையை நியூ ஹேவனில் படித்தார். சைகைமொழியையும் காதுகேளாத ஆசிரியர்களையும் அதற்கான காரணங்களுள் சேர்த்தார்.

இக்கடிதங்களின் உச்சம் 1890-91ஆம் ஆண்டுகள். கல்லூரியில் ஆசிரியர்ப் பயிற்சித் துறை ஒன்றைத் தொடங்கக் கேலடெட் காங்கிரசிடம் நிதி கோரினார். காதுகேளாதோரே ஆசிரியராகப் பயிற்றப்படுவர், அதனால் பேச்சுக்கல்வி பின்னடையும் என்று கூறிப் பெல் எதிர்த்தார். கேலடெட் தந்த விடையே வேதனைக்குரியது. பயிற்சித் துறையில் செவிப்புலன் உடையோர் மட்டுமே சேர்க்கப்படுவர் என்று அவர் உறுதி கூறினார்; அவ்வாறே செய்தார். துறை 1891இல் தொடங்கியது. கல்லூரியின் அடுத்த தலைவரான பெர்சிவல் ஹால் அதில் பயின்றவரே. வழக்கில் வென்றவர் கேலடெட் என்பர். எவருடைய மொழிக்காக வழக்காடினாரோ அவர்களே அம்மொழியைக் கற்பிக்கும் பயிற்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அரசியல் கெட்டிக்காரத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ‘முறை’ என்ற சொல்லின் தருக்கம் இட்டுச்செல்லும் இடம் இதுவே. முறையை எவரும் கற்றுக் கையாளலாம். அதன் உரிமையாளர் என்று ஒருவர் தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இக்கடிதங்கள் வேறு சில இடர்களையும் தருகின்றன. ஆங்கிலத்தில் சைகை என்னும் பொருளுடைய ஒரே சொல் மூன்று பொருள்களில் வருகிறது. பள்ளிக்கு வராத குழந்தை வீட்டாரோடு பழகும் கைக்குறிப்பு ஒன்று. பிரெஞ்சு இலக்கணத்தைப் பின்பற்றி லெப்பே வகுத்த செயற்கைக் குறிகள் மற்றொன்று. காதுகேளாதோர் தமக்குள் வழங்கும் முழுமொழி மூன்றாவது. தமிழில் மூன்றையும் ‘சைகை’ என்றே பெயர்த்தால் விவாதமே குழம்பும். முதலாவதற்குச் ‘சாடை’ என்னும் வழக்குச்சொல் பொருந்தும். இரண்டாவதை ‘வகுத்த குறிகள்’ எனலாம். ‘சைகைமொழி’ மூன்றாவதற்கு மட்டும் உரியதாதல் நன்று. பேச்சுமுறையை ‘வாய்மொழி முறை’ என்பதும் தவறான எண்ணம் தரும்; தமிழில் வாய்மொழி என்றவுடன் நாட்டார் இலக்கியமே நினைவுக்கு வரும். மொழி என்ற சொல்லே ‘மொழிதல்’ என்னும் வினையோடு ஒட்டி நிற்பதால், சைகைமொழி என்னும் தொடரைக் கேட்பவர் அதை உருவகமாகக் கொள்ளும் வாய்ப்பும் உண்டு. இலத்தீனத்தில் நாவைக் குறிக்கும் சொல்லே மொழிக்கும் பெயர் என்பதால் இத்தடை தமிழுக்கு மட்டும் உரியதன்று.

பழைய இழிசொற்களை என்செய்வது என்பது இன்னும் கடினமானது. ‘செவிட்டூமை’ என்று பெயர்க்கத்தக்க சொல் கல்லூரியின் பெயரிலேயே இருந்தது. முன்னாள் மாணவர்கள் அதை விரும்பவில்லை. அவர்கள் வேண்டுகோளின் பேரில் 1894இல் தந்தை கேலடெட்டின் பெயர் கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. இன்றைய நாகரிகம் கருதி அச்சொல்லை எங்கும் ‘செவித்திறன் குறையுடையோர்’ என மாற்றும் மொழிபெயர்ப்பாளர், நல்லெண்ணத்தோடு அம்மாணவர்களின் எதிர்ப்பையே அழித்துவிடுகிறார். 1894க்கு முந்திய கடிதங்களில் பழஞ்சொல்லை அப்படியே நிறுத்துவதே தக்கது. அது உறுத்த வேண்டும்.

கேலடெட்டுக்கு வேண்டிய கோட்பாடு அவர் காலத்தில் அறவே இல்லாமல் இல்லை. பெல் அறிக்கை படித்த அதே நியூ ஹேவனில் பணியாற்றிய விட்னி, மொழிக்குக் குரலே கருவி என்பது வசதியால் அமைந்ததே அன்றி இன்றியமையாதது அன்று என்று 1875ஆம் ஆண்டு நூலிலேயே கூறியிருந்தார். ஆனால் கல்வியாளரின் கடிதப் போக்குவரத்து ஒரு வழியிலும் மொழியியல் வேறு வழியிலும் சென்றன. இரண்டும் சந்தித்தது 1960இல்தான். கேலடெட்டின் அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கோ, கைவடிவம், இடம், அசைவு எனப் பிரித்துச் சைகைமொழியின் அமைப்பை அவ்வாண்டு விளக்கினார். மிலான் தீர்மானங்களைக் காதுகேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு வான்கூவரில் புறந்தள்ளியது 2010இல்.

கடிதங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. 1910ஆம் ஆண்டளவில் காதுகேளாதோரின் தேசியச் சங்கம் சைகைமொழியைப் பாதுகாக்கத் திரைப்படங்கள் எடுக்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்றில் முதியவரான கேலடெட் தோன்றுகிறார். வழக்கு எதுவும் பேசவில்லை. இங்கிலாந்தின் டெவன்ஷயரில் லோர்னா டூன் கதை நிகழும் நாட்டுப்புறத்தைத் தாம் கண்ட விதத்தைச் சைகையில் சொல்கிறார்.