பாராட்டுக்கு ஆங்கிலத்தில் ஐம்பது சொற்களா?

சில வருஷங்களுக்கு முன் எனக்குப் பாடம் சொன்ன தலைமை ஆசிரியர் ஒருவருக்குப் பணி நிறைவு விழா. வாழ்த்து மடலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடிப்பது என்று முடிவாயிற்று. ஆங்கிலப் பகுதி என் தலையில் விழுந்தது. கையில் இருந்தது ‘பாராட்டுக்கு ஐம்பது சொற்கள்’ வகைப் புத்தகம் ஒன்று. அதில் ‘ஃபுல்சம்’ என்ற சொல்லுக்கு ‘நிறைவான, தாராளமான’ என்று போட்டிருந்தது. ஊர் மக்களின் நிறைவான பாராட்டு என்ற பொருளில் ‘ஃபுல்சம் பிரெய்ஸ்’ என்று எழுதிவிட்டேன். விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அந்தச் சொல்லுக்குத் திகட்டத் திகட்டப் போலியா புகழுறதுன்னும் அர்த்தம் இருக்கு. அடுத்த தடவை பாத்துக்கோங்க.”

மடல் இன்னமும் சார் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவர் ஒன்றும் சொன்னதில்லை. நான்தான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காருகிறேன்.

புத்தகம் பொய் சொன்னது என்றும் சொல்ல முடியாது. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘நிறைய’ என்றுதான் பொருள். பிறகு ‘தெவிட்டுகிற’, ‘மிகையான’ என்று கசந்து போனது. இப்போது சிலர் மறுபடி நல்ல பொருளில் எழுதுகிறார்கள். இரண்டும் புழக்கத்தில் இருப்பதால்தான் நடைக் கையேடுகள் இந்தச் சொல்லிடம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கின்றன. பட்டியல் போட்டவர் பாதியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்.

இது ஒரு சொல்லின் பிரச்சினை இல்லை என்று பிறகுதான் புரிந்தது. இந்தப் பட்டியல்களுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: பாராட்டு என்பது ஒரே சரக்கு, பெயர்கள்தான் பல. என் படிப்பில் கண்டது வேறு. ஆங்கிலத்தின் புகழ்ச் சொற்களில் பல, புகழ்ச்சியைச் சந்தேகப்பட்ட அனுபவத்தைச் சுமந்துகொண்டு வருகின்றன. அதைக் கழற்றிவிட்டு வெறும் பொருளை மட்டும் கொடுத்தால் படிக்கிறவர் மாட்டிக்கொள்வார்.

‘பிரெய்ஸ்’ என்ற அடிப்படைச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். விலை என்று பொருள்படும் ‘பிரெட்டியும்’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. விலையைக் குறிக்கும் பிரைஸ், பரிசைக் குறிக்கும் பிரைஸ், ‘அப்ரீஷியேட்’ எல்லாம் அதே குடும்பம். ஆக, புகழ்வது என்றால் மதிப்புப் போடுவது. மதிப்பு என்று வந்துவிட்டால் கூடப் போட்டார்களா, குறைத்துப் போட்டார்களா என்ற கேள்வியும் கூடவே வரும்தானே?

கைதட்டும் குடும்பம் இன்னும் சுவாரசியம். ‘பிளௌடெரே’ என்றால் லத்தீனில் கைதட்டுவது. ‘அப்ளாஸ்’ அதிலிருந்து வந்தது என்பது எளிதில் தெரியும். ‘எக்ஸ்ப்ளோட்’ என்ற சொல்லும் அதிலிருந்துதான்! பிடிக்காத நடிகரைக் கைதட்டிக் கூச்சலிட்டு மேடையை விட்டு விரட்டுவதுதான் அதன் முதல் பொருள், வெடிப்பு பிறகு வந்தது. ‘பிளாசிபிள்’ ஒரு காலத்தில் கைதட்டலுக்கு உரியது. இன்று, கேட்க நம்பும்படி இருக்கிறது, ஆனால் உண்மையா என்று தெரியாது என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? ஒரு காரணம், புகழ்ச்சி சந்தைக்கு வந்தது. ஷெரிடனின் ‘தி கிரிட்டிக்’ நாடகம் 1779இல் மேடையேறியது. அதில் வரும் மிஸ்டர் பஃப் புகழுரை எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவர். விளம்பரப் புகழ்ச்சியை ஐந்து வகையாகப் பிரித்து வகுப்பே எடுக்கிறார். புத்தக அட்டைப் புகழுரைக்கு வழங்கும் ‘பிளர்ப்’ என்ற சொல், 1907இல் அமெரிக்க எழுத்தாளர் ஜெலட் பர்ஜஸ் கேலிக்காக உருவாக்கியது. கேலியாகப் பிறந்த சொல்லையே பதிப்பாளர்கள் தொழில் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

கொண்டாட்டச் சொற்களிலும் இந்த நிழல் உண்டு. தென்னாப்பிரிக்கப் போரில் 217 நாள் முற்றுகையில் இருந்த மாஃபெக்கிங் ஊர் மீண்ட செய்தி 1900 மே 18 இரவு லண்டனுக்கு வந்தது. தெருவெல்லாம் கும்மாளம். ஊர்ப் பெயரையே வினைச்சொல்லாக்கி ‘மாஃபிக்’ என்று எழுதினார்கள் பத்திரிகைக்காரர்கள். அகராதியில் ‘வெற்றியைக் கொண்டாடு’ என்று மட்டும் போட்டால் போதாது. அளவு மீறிய, அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படாத கூத்து என்ற குத்தலும் அதில் இருக்கிறது. முற்றுகைக்குள் கறுப்பின மக்கள் பட்டினியால் செத்ததை நினைத்தால் அந்தக் குத்தல் நியாயம்தான்.

நம்மிடமும் இப்படி உண்டே, வஞ்சப்புகழ்ச்சி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அது வேறு. தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன என்று ஔவை சொல்லும்போது, வாய் நிறையப் புகழ்ந்துதான் இடிக்கிறார். அலெக்சாண்டர் போப் 1735இல் அடிசனைத் தாக்கி எழுதிய கவிதையால் நிலைபெற்ற ‘ஃபெயின்ட் பிரெய்ஸ்’ என்ற மரபுத்தொடரில் புகழ் மிச்சமே இருக்காது. சுரத்தில்லாமல் நாலு வார்த்தை சொல்லியே ஆளைக் கவிழ்ப்பது அது. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது தவறு.

இதில் நடைமுறைக் கஷ்டமும் இருக்கிறது. மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிற ஆசிரியர் ‘குவைட் குட்’ என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அமெரிக்கர் அதை ‘ரொம்ப நல்லவர்’ என்று படிக்கலாம். பிரிட்டிஷ்காரர் ‘பரவாயில்லை’ என்றுதான் படிப்பார். ஒரு பிள்ளையின் இடமே இதில் போய்விடலாம். ‘வெல் டன்’ என்பது பெரும்பாலும் பெரியவர் சின்னவருக்குச் சொல்வது, அதைத் தலைமை ஆசிரியருக்கு எழுத முடியுமா? பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

ஐம்பது சொற்கள் வேண்டாம், பத்துப் போதும். ஒவ்வொன்றுக்கும் யார் யாருக்குச் சொல்வது, நேரில் சொல்வதா எழுத்தில் சொல்வதா, உள்ளே குத்தல் உண்டா என்று மூன்று வரி சேர்த்தால் அது உதவும் புத்தகம்.

அடுத்த முறை சாரைப் பார்க்கப் போகும்போது மடலைப் புதிதாக அச்சடித்துக் கொண்டுபோவதாக இருக்கிறேன். ஒரே ஒரு சொல்தான் மாற்றணும். ‘ஃபுல்சம்’ இருந்த இடத்தில் ‘வார்ம்’.