ஒற்றைக் குழாய்

கத்திரி தொடங்கும் முன்பே விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் வாசலுக்குச் சக்கரம் வைத்த ஏசி வந்து நின்றுவிடுகிறது. மாதத் தவணை உண்டு, சுவரில் ஓட்டை போட வேண்டாம், ஆள் வைத்து மாட்ட வேண்டாம். மாற்றலாகி வந்த வங்கி ஊழியரும், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அறை எடுத்துக் கொடுத்த பெற்றோரும் அதை வாங்கியதற்கு ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். “ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார். வாடகை வீட்டுக்காரனுக்கு இதைவிட்டால் வேறு என்ன வழி?” நியாயமான கேள்விபோலத் தோன்றும் இதை நான் பல ஆண்டுகளாக மறுத்து வருகிறேன்.

போர்ட்டபிள் ஏசியால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் வாய்க்கு நேரே மூன்றடி தூரத்தில் படுத்தால் உடம்பு குளிரும். வீடு மாறும்போது கூடவே வரும். காய்ச்சலில் கிடக்கும் முதியவரின் கட்டிலருகே இரண்டு நாள் வைக்க வேண்டுமென்றால் நானே எடுத்து வரச் சொல்வேன். தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்துவிட்டது. இந்த மாவட்டத்தில் ஏசி ஆடம்பரமில்லை என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

என் மறுப்பெல்லாம் அதன் முதுகிலிருந்து கிளம்பும் ஒற்றைக் குழாயைப் பற்றியது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. விண்டோ ஏசியின் பின்பாதி சுவருக்கு வெளியே நிற்கிறது. ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் மாடியில் நிற்கிறது. இரண்டும் வெளிக்காற்றையே இழுத்து, சூடாக்கி, வெளியிலேயே விடுகின்றன. அறைக்காற்று அறைக்குள்ளேயே சுற்றுகிறது. போர்ட்டபிள் ஏசியில் அவுட்டோரும் அறைக்குள்தான் இருக்கிறது. சூடேறிய தன் கம்ப்ரசர் பக்கத்தை ஆற்ற அதற்குக் காற்று வேண்டும். ஒற்றைக் குழாய் இயந்திரம் அந்தக் காற்றை அறையிலிருந்தே எடுக்கிறது. சற்றுமுன் அது பாடுபட்டுக் குளிர்வித்த காற்றையே சூடாக்கிக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது.

தள்ளிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவிடுக்கிலும் வென்டிலேட்டரிலும் ஜன்னல் சட்டத்தின் வெடிப்பிலும் புகுந்து அது வருகிறது. மே மாதப் பிற்பகலில் அந்தக் காற்று 40 டிகிரி.

ஒரு கணக்குப் போடுவோம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். இயந்திரம் மணிக்கு 300 கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடத்துக்குள் அறைக்காற்று முழுவதும் வெளியே போய், அதே அளவு அனல் உள்ளே வந்துவிடுகிறது. வெளியே 40, உள்ளே 27 டிகிரி என்றால் வந்த காற்றை ஆற்றுவதற்கு மட்டும் ஒன்றேகால் கிலோவாட் குளிர் செலவாகும். ஒரு டன் ஏசியின் மொத்தக் குளிர்ச்சித் திறனே மூன்றரை கிலோவாட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேயே போய்விட்டது. தொட்டால் சுடும் குழாயும், கம்ப்ரசரின் சூடும் தனி. இரண்டும் அறைக்குள்தானே இருக்கின்றன.

மேல்காற்று வீசும் வறண்ட பிற்பகலின் கணக்கு இது. நம் பகுதிக்கு இன்னொரு வேளை உண்டு. கடல் முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று ஏறிவந்தால் வெயில் சற்றே தணியும், புழுக்கம் கூடும். கன மீட்டருக்கு எட்டு கிராம் ஈரம் கூடுதலாக இருந்தாலே, மணிக்கு 300 கன மீட்டர் காற்றோடு இரண்டு லிட்டருக்கு மேல் நீர் ஆவியாக அறைக்குள் வந்துவிடும். அதை வடித்தெடுக்க மட்டும் ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் குளிர் வேண்டும். ஏசியே ஈரத்தை அடக்கப் பிறந்ததுதான். 1902இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதுதான் அங்கே சிக்கல். ஈரத்தை வெளியே நிறுத்தவேண்டிய பொருளே அதை மணிக்கு இரண்டு லிட்டர் வீதம் உள்ளே இழுக்கிறது. இரவு பத்து மணிக்கு அறை குளிர்ந்தும் பாய் பிசுபிசுக்கிறதே ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

என் அக்கா மகன் திண்டிவனத்தில் லைன் வீடொன்றில் குடியிருந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். இந்த ஏசியோடு வரும் பிளாஸ்டிக் பட்டை, பக்கவாட்டில் நகரும் கண்ணாடி ஜன்னலுக்காகச் செய்தது. நம் ஜன்னலில் இரும்புக் கம்பியும் வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவும் இருக்கும். கம்பிக்குக் கம்பி நான்கு அங்குலம். குழாயோ ஆறு அங்குலம். அதனால் வாசல் கதவை ஒருக்களித்து, குழாயைப் பொது நடையில் விட்டு, மீதி இடைவெளியில் பழைய போர்வையைத் திணித்திருந்தான். நடையில் கொட்டிய அனல், போர்வைக்குக் கீழே புகுந்து மறுபடி அறைக்கே வந்தது. அங்கே கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. எதிர்வீட்டு அம்மா வாசலில் உட்கார முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெப்பநிலை 24இல் வைத்திருந்தான். அறை 29க்குக் கீழே இறங்கவில்லை, அதனால் கம்ப்ரசர் ஓய்வே எடுக்கவில்லை. 1.2 கிலோவாட் இழுக்கும் இயந்திரம் இரவில் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்தில் 576 யூனிட். நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் விலை ஏறிவிடும் என்பதும் குடும்பம் நடத்தும் எவருக்கும் தெரியும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எதையும் சேர்க்காமலே ஏசி ஒன்றே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை 2016இல் இதற்கென்றே தனிச் சோதனை முறை வகுத்து, உள்ளே புகும் அனலையும் குழாயின் சூட்டையும் கழித்தபின் மிஞ்சும் குளிர்ச்சியைச் சொல்ல வைத்தது. 14,000 பிடியூ என்று விற்றவற்றில் பல, புதிய அளவையில் 10,000க்கும் கீழே இறங்கின. நம் கடைகளில் நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் ‘1 டன்’ என்பதோடு சரி. கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்று ஒன்றிலும் அச்சிட்டிருக்கவில்லை. எடைபோட்டுத் தரும் அரிசியில் மூன்றில் ஒரு பங்கு பையின் ஓட்டை வழியே சிந்திவிடும் என்று தெரிந்தே விற்பதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரட்டைக் குழாய் இயந்திரங்கள் உண்டு. ஒன்று வெளிக்காற்றை இழுக்கும், மற்றது வெளியே விடும். குறை பெருமளவு தீரும். ஆனால் இங்கே வாசலுக்கு வருபவை ஒற்றைக் குழாய்தான். நான்கு அங்குலக் கம்பிக்குள் இரண்டு குழாய்க்கு இடம் தேடும் வேலையும் இருக்கிறது.

மறுபடி அந்த ஹவுஸ் ஓனருக்கு வருவோம். ஸ்பிளிட் ஏசியின் செம்புக் குழாய்க்கு வேண்டிய துளை மூன்று அங்குலத்துக்குள். போர்ட்டபிளின் குழாய்க்கு அதைப்போல இரு மடங்கு அகலம். ஓட்டை வேண்டாமென்று வாங்கும் பொருள்தான் பெரிய ஓட்டை கேட்கிறது! செம்புக் குழாயை வென்டிலேட்டர் வழியாகவே கொண்டுபோகலாம், அவுட்டோரை மொட்டை மாடியில் ஸ்டாண்டில் வைக்கலாம். இன்டோருக்குச் சுவரில் நான்கைந்து திருகாணி. காலி செய்யும்போது ஒரு பிடி பட்டி பூசினால் மறையும். விலையும் ஏறக்குறைய அதுவேதான். கழற்றி மாட்டும் கூலி உண்டு, மறுக்கவில்லை. ஒரு கோடையின் கரண்ட் பில்லில் அது திரும்பி வந்துவிடும்.

அதுவும் முடியாதவர்களுக்கு, நாள் முழுக்கக் காய்ந்து நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும் கான்கிரீட் தளத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வெள்ளைச் சுண்ணாம்போ கூலிங் பெயின்டோ இரண்டு கை அடிக்கலாம். கீற்றுப் பந்தல் போடலாம். சுருக்கித் தளமும் தட்டோடும் போட்ட பழைய வீடுகளில் மே மாதம் படுத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அக்கா மகன் அடுத்த கோடையில் ஸ்பிளிட் மாட்டினான். கேட்கவே தயங்கிக்கொண்டிருந்தவனை நான்தான் உரிமையாளரிடம் அழைத்துப் போனேன். அவர் மாடிவரை வந்து பார்த்தார். வென்டிலேட்டர் வழியாகத்தான் குழாய் போகிறதா என்று கேட்டுக்கொண்டார். தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் சொட்டாமல் பைப்பைக் கீழே சாக்கடைவரை இறக்கிவிடச் சொன்னார், அவ்வளவுதான்.