துடுப்புப் பிடித்த கை

மேற்குடி இளைஞன் ஏழைப் பெண்ணை விரும்பும் கதைகள் எம்மொழியிலும் உள. அவற்றில் அப்பெண்ணின் தந்தைக்கு உரிய இடம் யாது? சார்லஸ் டிக்கன்ஸ் எழுதி முடித்த இறுதி நாவலாகிய ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ (1864-65) நம்மை இவ்வாறு வினவச் செய்கிறது.

தேம்சு நதியில் மிதக்கும் பிணங்களைப் படகில் கட்டி இழுத்து, அவற்றின் சட்டைப்பைகளைத் துழாவிப் பிழைப்பவன் காஃபர் ஹெக்சம், மனைவியை இழந்தவன். மகள் லிசியே அவனுக்குத் துடுப்பு வலிக்கிறாள். கல்வியை வெறுக்கும் அவன், மகன் பள்ளி சென்றதை அறிந்து அவனை ஒதுக்கிவிடுகிறான். தம்பியை மறைவாகப் படிக்கவைத்தவள் லிசிதான். எனினும் தான் மட்டும் எழுத்தறியாதிருக்கிறாள். தன் கல்லாமையே தன்னையும் தந்தையையும் பிணைக்கும் கயிறு என்பது அவள் எண்ணம். நாவல் முழுவதிலும் நம்மை மிகவும் நெகிழ்விப்பது இவ்விடமே.

காஃபர் இறந்தபின், அவளிடம் மனம் ஈடுபட்ட வழக்கறிஞன் யூஜின் ரேபர்ன், அவளுக்குக் கல்வி அளிக்க முன்வருகிறான். அவள் மறுக்கிறாள். மறுப்பது தந்தை செய்த பிழையை நீட்டிப்பதாகும் என்று அவன் வாதிட, இசைகிறாள். இறந்தவனையே தன் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கும் சாமர்த்தியத்தை என்னென்பது! அதில் அன்பும் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயினும் எதிர்வாதம் செய்ய ஆளில்லாத வழக்கன்றோ அது?

காதல் இப்பெண்ணை உயர்த்தியது என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். பொறாமை கொண்ட பள்ளியாசிரியன் ஹெட்ஸ்டோன் யூஜினைத் தாக்கி ஆற்றில் வீழ்த்துகிறான். அவனைப் படகேறி மீட்கிறாள் லிசி. யூஜின் தந்த கல்வியா அங்கே உதவியது? அவள் அஞ்சி முகந்திருப்பிய அத்தொழிலில், தந்தையோடு துடுப்புப் பிடித்துப் பழகிய கையே உதவியது. அப்பழைய நாட்களுக்காக அவள் இறைவனுக்கு நன்றி கூறுகிறாள்.

இவ்வளவு கண்ட டிக்கன்ஸ் ஓரிடத்தில் தயங்கிவிட்டார் என்பதே நம் குறை. நான்கு பகுதிகள் கொண்ட நாவலின் முதற்பகுதியிலேயே காஃபரைக் கொன்றுவிடுகிறார். இறுதி விருந்தில் மேன்மக்கள் இம்மணத்தை எள்ளும்போது, ட்வெம்லோ என்னும் எளிய முதியவர் மட்டும் மணமகளுக்காகப் பேசுகிறார். சேறு படிந்த காலணியோடு காஃபரும் அம்மேசையில் அமர்ந்திருப்பின் அவர் பேசியிருப்பாரா? (திருமண அழைப்பிதழில் சம்பந்தியின் உத்தியோகத்தை முதலில் தேடிப் படிக்கும் நாம் இதனைக் கேட்கத் தகுதியுடையோமா என்பது வேறு.) மணமகனின் தந்தை கதை முடியுமுன் மருமகளை மெச்சி ஏற்றுக்கொள்கிறார். மணமகளின் தந்தைக்கு அவ்வாய்ப்பு வைக்கப்படவில்லை.