கோபன்ஹேகனுக்குக் கிளம்புங்கள், உடனே!

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் உங்களுக்கு என்ன வேலை இருந்தாலும் தள்ளிப்போடுங்கள், கோபன்ஹேகனுக்குக் கிளம்புங்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன். நீங்கள் உயிர்வேதியியல் படித்தவரா, சர்க்கரை நோய் மருத்துவரா, முதியோர் மருத்துவரா, புழுவையும் ஈயையும் சுண்டெலியையும் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் ராப்பகலாகக் கிடக்கும் ஆராய்ச்சி மாணவரா, யாராக இருந்தாலும் சரி. ஏ.ஆர்.டி.டி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் 'ஏஜிங் ரிசர்ச் அண்ட் டிரக் டிஸ்கவரி' மாநாடு அங்கேதான் நடக்கிறது. 2014இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கியது. 2020 முதல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம்தான் அதற்கு வீடு. உடம்பு ஏன் மூப்படைகிறது, சாப்பிட்ட சோற்றை அது எரிக்கும் விதத்துக்கும் மூப்புக்கும் என்ன உறவு, அந்த ஓட்டத்தை மருந்தால் மெதுவாக்க முடியுமா என்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள் ஐந்து நாள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். நான் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் எழுதிப்போட்ட பெயர்களெல்லாம் கழுத்தில் அடையாள அட்டையோடு காபிக்கு வரிசையில் நிற்கின்றன. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இடத்தைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக என்னால் முடியாது. கற்பனை பண்ணிப் பாருங்கள்: ஃப்ரூ பிளாட்ஸ் என்று கல் பாவிய பழைய சதுக்கம். ஒரு பக்கம் அன்னை மரியாள் பேராலயம்; உள்ளே சிற்பி தோர்வால்ட்சனின் இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் வெள்ளை வெளேரென்று நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். பல்கலைக்கழகம் பிறந்தது 1479இல். இந்தக் கட்டடம் எழுந்தது 1836இல். முகப்பில் வரிசையாக அறிஞர்களின் மார்பளவுச் சிலைகள். அதில் ஒருவர் நீல்ஸ் போர்! நின்றேன், பார்த்தேன், தொட்டேன், மறுபடி பார்த்தேன். உள்ளே நுழைந்தால் முன்கூடத்துச் சுவர் முழுக்கக் கிரேக்கப் புராணக் காட்சிகள், கான்ஸ்டான்டின் ஹான்சன் தீட்டியவை. படியேறினால் விழா மண்டபம். உயரமான கூரை, சுவரை நிறைக்கும் வரலாற்று ஓவியங்கள், பழைய மரத்தின் மெல்லிய வாசனை, அந்த ஓவியங்களுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளித்திரை, அந்தத் திரையில் ஒரு சுண்டெலியின் ஆயுள் வரைபடம்! முதல் நாள் காலை நான் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன். முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததும் எனக்குக் கை நடுங்கியது, சத்தியமாக.

பேச்சுகள் சுருக்கமானவை, ஒன்று முடிந்தால் உடனே அடுத்தது. மூச்சு விட நேரமில்லை, விடவும் தோன்றாது. இந்தத் துறையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், அப்போதுதான் அந்த மண்டபத்தில் உட்காருவது எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்று புரியும். 1935இல் அமெரிக்காவில் கிளைவ் மெக்கே எலிகளுக்குச் சத்துக் குறையாமல் உணவின் அளவை மட்டும் குறைத்துப் பார்த்தார், எலிகள் கூடுதலாக வாழ்ந்தன. 1993இல் சிந்தியா கென்யன் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருந்தால் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று காட்டினார். அந்த மரபணு எதனுடையது தெரியுமா, இன்சுலினைப் போன்ற சமிக்ஞையை வாங்கும் ஏற்பியினுடையது! சாப்பாட்டைக் கையாளும் வழியும் மூப்படையும் வழியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ராபமைசின் என்ற மருந்தை 600 நாள் வயதான, அதாவது நம் கணக்கில் தாத்தா பாட்டி பருவத்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். அப்போதும் ஆயுள் நீண்டது, 2009இல் அந்த முடிவு வெளிவந்தது. 2013இல் ஸ்டீவ் ஹார்வத், டி.என்.ஏ.வில் 353 இடங்களில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளைப் படித்தே ஒருவர் வயதைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். அதே ஆண்டு மூப்பின் அடையாளங்கள் ஒன்பது என்று லோபெஸ்-ஓட்டினும் சகாக்களும் பட்டியல் போட்டார்கள், 2023இல் அதுவே பன்னிரண்டானது. இத்தனையையும் புத்தகத்தில் படித்திருக்கிறேன், தேர்வுத் தாளில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் அடுத்த அத்தியாயத்தை, இன்னும் அச்சுக்குப் போகாத வரைபடத்தை, அதை வரைந்தவர் வாயாலேயே கேட்பது இருக்கிறதே, அது வேறு!

மெட்ஃபார்மின் பற்றிப் பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் விழுங்கும் அந்தச் சர்க்கரை மாத்திரைக்கு முதுமை நோய்களைத் தள்ளிப்போடும் சக்தி உண்டா என்று பெரிய சோதனை நடத்தித் தெரிந்துகொள்ள வேண்டும் என வாதாடிவருபவர் நீர் பர்ஸிலை. அவரும் மூப்பு ஆய்வாளர் பிரையன் கென்னடியும் பேசிய மேடை இது.

கோபன்ஹேகன் என்ற ஊரே இதற்குப் பொருத்தம் என்பது என் உறுதியான கட்சி. இதே பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் குரோக் என்று ஒரு உடலியங்கியல் பேராசிரியர் இருந்தார். நீல்ஸ் போரின் தந்தை கிறிஸ்டியன் போரின் மாணவர், 1920இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் மனைவி மேரி ஒரு மருத்துவர், அவருக்குச் சர்க்கரை நோய். 1922இல் இருவரும் அமெரிக்கா போயிருந்தபோது டொரன்டோவில் இன்சுலின் கண்டுபிடித்த சேதி காதில் விழுகிறது, குரோக் நேரே டொரன்டோவுக்குப் போகிறார், தயாரிக்கும் அனுமதியோடு திரும்புகிறார், ஹேகடோர்ன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1923இல் நார்டிஸ்க் இன்சுலின் கூடத்தைத் தொடங்குகிறார். இன்றைய நோவோ நார்டிஸ்கின் ஒரு வேர் அதுதான். உலகமே பேசும் செமாகுளூடைட் அந்த நிறுவனத்தின் மருந்து. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அம்மாவின் இன்சுலின் குப்பி நிற்கிறது. அந்தக் கதை நடந்த ஊரின் தெருவில் நான் நடக்கிறேன் என்று நினைத்ததும் அம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு முழுக் கதையையும் சொன்னேன். அவருக்கு அப்போது மத்தியானம். இந்தியாவைவிடக் கோபன்ஹேகன் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால்.

சரி, எப்படிப் போவது? முதலில் பதிவு. மாணவர், கல்வித்துறை, நிறுவனம் என்று கட்டணம் தனித்தனி. மாணவராக இருந்தால் அதற்கான சான்றை எடுத்து வையுங்கள். ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கெடுவை நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிடுங்கள், ஏனென்றால் போஸ்டரோடு போகிறவர்கள் அனுபவிக்கும் மாநாடே தனி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பதிவு முடிந்ததும் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்கி ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும், ஆகவே மே மாதமே வேலையை ஆரம்பித்துவிட்டால் நிம்மதி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு எல்லாம் வேண்டும். அந்தக் கோப்பை அடுக்கும்போதே எனக்கு ஊருக்குப் போகிற சந்தோஷம் வந்துவிட்டது.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. தோகா, துபாய், ஃபிராங்க்பர்ட் வழியாக மாறிப் போகலாம். அங்கே இறங்கியதும் பாருங்கள் அதிசயத்தை! விமான நிலையத்துக்குள்ளிருந்தே மெட்ரோ, எம்2 தடம், ஓட்டுநரே இல்லாத ரயில், இரவு முழுக்க ஓடுகிறது. முன் பெட்டியில் கண்ணாடி ஓரம் இடம் பிடித்துவிட்டால் சுரங்கப்பாதை உங்களை நோக்கி ஓடி வரும், நான் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தேன். கால் மணி நேரத்தில் நோரெபோர்ட். அங்கே இறங்கி ஃபியோல்ஸ்ட்ரேட என்ற தெருவில் நேரே நடந்தால் மாநாட்டு வாசல், அவ்வளவுதான். சிட்டி பாஸ் ஸ்மால் என்ற சீட்டு வாங்கினால் விமான நிலையம், நகரம், பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாம் அதிலேயே அடக்கம். கையில் பணம் மாற்றிக்கொண்டு அலைய வேண்டாம், குரோனர் நோட்டைத் தொடாமலே கார்டை வைத்து ஐந்து நாளையும் ஓட்டிவிடலாம். காபி விலையைப் பார்த்தால் மனசு ஒரு நொடி சுருங்கும், அறை வாடகையும் அப்படித்தான். போகட்டும், மாநாட்டு இடைவேளையில் காபி இருக்கிறது. மெட்ரோ தடத்தையொட்டிக் கொஞ்சம் தள்ளி அறை பிடித்தால் வாடகை குறையும், பத்து நிமிஷத்தில் வந்து சேரலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். நெட்டோ, ரேமா 1000 போன்ற கடைகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துக்கொண்டால் காலைப் பாடு முடிந்தது. கம்பு நிறத்துக் கனத்த ரை ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே மீனோ முட்டையோ உருளைக்கிழங்கோ அடுக்கித் தரும் ஸ்மொர்ப்ரொட் ஒன்றையாவது சாப்பிட்டுப் பாருங்கள், சைவத்துக்கு உருளைக்கிழங்கு இருக்கிறது. நம் செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் அங்கே பொருந்தும். மூன்று முள் மடிக்கணினி பிளக்குக்கு அடாப்டர் கட்டாயம். ஒரு மழைக் கோட்டும் ஒரு ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும். சைக்கிள் பாதையில் மட்டும் கால் வைக்காதீர்கள், அது அவர்களுடைய ராஜபாட்டை.

இப்போது போஸ்டர். துணியில் அச்சடித்துக்கொள்ளுங்கள், சட்டை மடிப்பதுபோல் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், விமானத்தில் நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அளவு என்ன என்று அறிவிப்பில் பார்த்துவிட்டு அச்சடியுங்கள். போஸ்டர்களைக் காட்டும் நேரம் இருக்கிறதே, ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! வரிசை வரிசையாகப் போஸ்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் தூக்கமில்லாத கண்களோடு ஒரு மாணவர், ஒருவர் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா வயதாவதைக் காட்டுகிறார், பக்கத்தில் ஒருவர் மூப்படைந்தும் சாகாமல் உட்கார்ந்துகொண்டு சுற்றியிருப்பவற்றையும் கெடுக்கும் செல்களை மட்டும் தேடிக் கொல்லும் மருந்தைக் காட்டுகிறார், அடுத்தவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தால் சுண்டெலியின் ஈரலில் என்ன மாறுகிறது என்கிறார், நான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறேன், நோட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது, நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் எழுதுகிறேன், அதுவும் நிரம்பி உள்ளங்கையில் எழுதுகிறேன், அப்போது என் போஸ்டர் முன்னால் நரைத்த தலையோடு ஒருவர் வந்து நின்று குனிந்து மூன்றாவது படத்தைப் பார்க்கிறார், அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, நான் பத்து வருஷமாக வகுப்பில் நடத்தும் கட்டுரையின் ஆசிரியர் அவர், அவரோ மெதுவாக "இந்தக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு என்ன உணவு கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறார், என்னைக் கேட்கிறார், பதிலைக் கேட்டுவிட்டு இன்னொரு கேள்வி கேட்கிறார், அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், பசி தெரியவில்லை, கால் வலி தெரியவில்லை! அன்று ராத்திரி அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதி முடித்தபோது ஜன்னல் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

இந்தத் துறைக்குப் புதியவர் என்றால் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் எழுதி 2024இல் வெளியான 'வொய் வி டை' நூலைப் படித்துவிட்டுப் போங்கள்; பாதிச் சொற்கள் பழகிவிடும். மாலையில் கட்டாயம் வெளியே வாருங்கள், அங்கே ஆகஸ்ட் கடைசியில் எட்டு மணி தாண்டித்தான் இருட்டும். பக்கத்திலேயே 1642இல் கட்டி முடித்த வட்டக் கோபுரம். அதில் மேலே ஏறப் படிக்கட்டுக்குப் பதிலாக 209 மீட்டர் நீளச் சுருள் சரிவு. ரஷ்ய மன்னர் பீட்டர் 1716இல் குதிரைமேலேயே ஏறியிருக்கிறார். நான் பேச்சின் நடுவே கிடைத்த கொரிய, பிரேசில் நண்பர்களோடு செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று செரிக்கும் ஆட்டோபேஜியைப் பற்றிச் சத்தம் போட்டு வாதாடிக்கொண்டே ஏறினேன், உச்சிக்கு வந்ததே தெரியவில்லை.

உரைகளில் பல பிறகு காணொளியாக வந்துவிடும், வீட்டிலேயே பார்க்கலாமே என்பீர்கள். பாருங்கள், நானும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆனால் காணொளி உங்கள் போஸ்டரைக் குனிந்து பார்க்காது! ஆகவே பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுங்கள். ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், வழங்கிப் பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. சரியாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் வருகிறேன், மெட்ரோவின் முன் பெட்டியில் இடம் பிடித்து வைக்கிறேன்.