பெயரும் திகதியும் யாருடைய உடைமை?
வமிசாவளிப் பதிவுகளும் பதிப்புரிமையும் பற்றிய ஒரு நோக்கு

வமிசாவளியை எழுதிவைத்தல் நெடுங்காலமாக அரச குடும்பத்தாருக்கும் நிலவுடைமையாளருக்கும் உரிய கருமமாகவே இருந்துவந்தது. பட்டத்துக்கு உரித்தை நிறுவுதற்கும் காணியைப் பங்கிடுதற்கும் அது வேண்டியிருந்தது. மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது சாதாரண மக்களின் தேடலாக மாறியது. தேவாலயப் பதிவேடு, குடிசன மதிப்பீட்டு ஏடு, கல்லறைக் கல், கப்பற் பயணிகளின் பட்டியல் என்பவற்றிலிருந்து தம் முன்னோரை மீட்டெடுத்தோர், இணையம் பரவியதும் தாம் கண்டவற்றை எவரும் எடுத்தாளுமாறு இலவசமாக வெளியிட்டனர். இவ்வாறு வெளியிடப்பட்டவை யாருக்கு உரியவை என்ற வினாவுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தெளிவான விடையொன்றை வைத்திருக்கிறது. அவ்விடை கொள்கையளவிற் சரியானதே. ஆயினும், இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு அதனாற் பாதுகாப்பு எதுவும் கிட்டவில்லை என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியதாகும்.

இவ்விடயத்துக்கு அடிப்படையாக அமைவது ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1991 மார்ச் 27 ஆந் திகதி வழங்கிய பீஸ்ற் தீர்ப்பாகும். அவ்வழக்கு வமிசாவளி பற்றியதன்று. தொலைபேசி விபரக்கொத்துப் பற்றியது. கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கிற் சேவை நடத்திய ரூரல் என்னும் சிறு தொலைபேசிக் கொம்பனி, தன் சந்தாதாரரின் பெயர், ஊர், இலக்கம் ஆகியவற்றை அகரவரிசைப்படுத்தி அச்சிட்டு வந்தது. பதினொரு சேவைப் பகுதிகளை உள்ளடக்கிய பெருந்தொகுப்பொன்றை வெளியிட முனைந்த பீஸ்ற் நிறுவனத்துக்கு ஏனைய கொம்பனிகள் பணம் பெற்று அனுமதி வழங்க, ரூரல் மட்டும் மறுத்தது. பீஸ்ற் அனுமதியின்றியே எடுத்தாண்டது. அதன் 1983 ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்த 46,878 பதிவுகளுள் 1,309 பதிவுகள் ரூரலின் பதிவுகளோடு முற்றும் ஒத்திருந்தன. அவற்றுள் நான்கு, பிறர் பிரதி செய்வதைக் கண்டுபிடிக்கும் பொருட்டு ரூரல் புனைந்து நுழைத்திருந்த போலிப் பதிவுகள்!

களவு கையும் மெய்யுமாகப் பிடிபட்டது எனலாம். கீழ் நீதிமன்றங்களும் ரூரலின் பக்கமே நின்றன. ஆயினும் நீதியரசர் சன்ட்ரா டே ஓகொனர் எழுதிய தீர்ப்பு, இது களவே அன்று எனக் கூறியது. உண்மைகள் கண்டுபிடிக்கப்படுகின்றனவேயன்றி எவராலும் படைக்கப்படுவதில்லை; குடிமதிப்பு எடுப்பவர் மக்கள் தொகையை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் குறித்துக்கொள்கிறார். ஆகவே தெரிவிலும் ஒழுங்கமைப்பிலும் சிறிதளவேனும் ஆக்கத்திறன் வெளிப்பட்டாலன்றித் தொகுப்பொன்றுக்குப் பதிப்புரிமை இல்லை. அகரவரிசை அத்தகைய ஆக்கமன்று. அதுவரை பல நீதிமன்றங்கள் கைக்கொண்டிருந்த 'நெற்றி வியர்வை'க் கோட்பாடு, அதாவது உழைத்துத் திரட்டியவனுக்கே உரிமை என்ற கொள்கை, இத்துடன் முடிவுக்கு வந்தது.

எமது தேசவழமையின் சொற்களிற் கூறுவதாயின், பிறப்பும் இறப்பும் யாவருக்கும் பொதுவான முதுசம். அவற்றைத் திரட்டியவர் கோருவது தேடிய தேட்டம். நீதிமன்றம் தேடிய தேட்டத்தை ஏற்க மறுத்தது.

வமிசாவளித் துறைக்கு இதனை நன்மையாகவே கருதவேண்டும். தன் பாட்டனின் பிறந்த திகதியை முதலிற் கண்டறிந்தவர் வேறொருவர் என்பதற்காக, அதை எழுதுவதற்கு ஒருவர் அனுமதி கேட்டு நிற்பது நகைப்புக்கிடமானது. ரூரல் செய்தது போன்ற போலிப் பதிவுகளின் கேட்டையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். விபரக்கொத்தில் இல்லாத சந்தாதாரர் ஒருவராற் பெருந்தீங்கு விளையாது. வமிசாவளியிலோ, உரிமையைக் காப்பதற்காகப் புனையப்படும் ஒரு பெயர் சில காலத்திற் பல குடும்பங்களுக்கு மூதாதையாகிவிடும்.

எனினும் தீர்ப்பின் மறுபக்கத்தை அதன் புகழ்ச்சியாளர் போதியளவு கவனித்தாரல்லர். மழையிலும் வெயிலிலும் கல்லறைக் கற்களைப் படித்து எழுதியவரின் உழைப்பும் கொம்பனியொன்றின் கணக்குப்பிள்ளையின் உழைப்பும் இங்கு ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன. இரண்டுக்கும் உரிமையில்லை. சட்டத்தின் முன் இது சமத்துவம். சந்தையின் முன் சமத்துவமன்று. ஏனெனில் கொம்பனிக்கு வேறு வழிகள் உண்டு.

அவ்வழியை 1996 ஆம் ஆண்டின் புரோ சீடி தீர்ப்பு காட்டிக்கொடுத்தது. இதுவும் தொலைபேசி விபரக்கொத்து வழக்கே. மூவாயிரத்துக்கு மேற்பட்ட விபரக்கொத்துகளைத் திரட்டி, ஒரு கோடி டொலருக்கு மேற் செலவிட்டு இறுவட்டில் விற்ற நிறுவனமொன்றின் தரவுகளை, விஸ்கொன்சினிற் பட்டப்பின் படிப்பை மேற்கொண்டிருந்த மாணவரொருவர் வாங்கி, இணையத்திற் குறைந்த விலைக்குக் கொடுத்தார். பீஸ்ற் தீர்ப்பின்படி அத்தரவுகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்று வைத்துக்கொண்டே மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று பொதியுடன் வந்த நிபந்தனை செல்லுபடியான ஒப்பந்தம் என்பதே காரணம். பீஸ்ற் திறந்த கதவை ஐந்தாண்டுகளில் ஒப்பந்தம் சாத்திவிட்டது. பொதுவுடைமையாகிவிட்ட ஓவியங்களின் உள்ளது உள்ளவாறான ஒளிப்படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என நியூயோர்க்கின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் பிரிஜ்மன் வழக்கில் 1999 இல் தீர்த்தபோதும் நிலைமை மாறவில்லை. பழைய பதிவேட்டின் படத்துக்கு உரிமை இல்லாதிருக்கலாம். படத்தை வைத்திருப்பவரின் வாசலில் நிபந்தனை உண்டு.

ஐரோப்பா இவ்வளவு சுற்றிச் செல்லவில்லை. தரவுத்தளத்தில் இடப்பட்ட கணிசமான முதலீட்டுக்கே பதினைந்து ஆண்டுப் பாதுகாப்பை 1996 ஆம் ஆண்டின் பணிப்பாணை வழங்கிவிட்டது.

தொண்டர்களின் நிலையோ வேறு. தம் தொகுப்பு என்றும் இலவசமாக இருத்தல் வேண்டும் என அவர்கள் விரும்பினால் அவ்விருப்பத்தைச் சட்டத்தில் எவ்வாறு பதிப்பது? எடுத்தவர் தாமும் திறந்தே வைத்திருத்தல் வேண்டும் என்று விதிக்கும் பொது உரிமங்கள் பதிப்புரிமையின்மீதே கட்டப்பட்டவை. பதிப்புரிமை இல்லாத தரவில் அவற்றுக்குப் பிடிமானம் இல்லை. பூட்டுவதற்கு ஒப்பந்தம் உதவுகிறது. முகமறியாத பல்லாயிரம் பேருக்குத் திறந்துவிட்ட பொருள் மீண்டும் பூட்டப்படாமல் இருக்க அது உதவுவதில்லை. சட்டத்தின் உண்மையான கோணல் இங்கேதான் உள்ளது.

இது வெறுங் கற்பனை அன்று. 2000 ஆம் ஆண்டில், தொண்டர்களின் தொகுப்புகளாற் பெருகிய ரூற்ஸ்வெப் என்னும் தளம் அன்செஸ்ற்றியின் தாய்க் கொம்பனி வசமாயிற்று. பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2017 இறுதியில் அது நிறுத்தப்பட்டபோது, தாம் இட்ட தொகுப்புகளைத் தாமே காணமுடியாத நிலை அதில் எழுதியோருக்கு ஏற்பட்டது. இதற்கிடையில், 2007 ஓகஸ்ரில், தனியார் பலரின் இணையப் பக்கங்களைப் பிரதி செய்து 'இணைய வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு' என்ற பெயரில் அன்செஸ்ற்றி சந்தாவுக்கு உட்படுத்தியது. எதிர்ப்பு எழவே முதலில் இலவசமாக்கிச் சில நாட்களில் அகற்றியும் விட்டது. அப்பக்கங்களில் எழுதியோரின் சொந்த உரைநடை இருந்தமையாற் பதிப்புரிமை வாதத்துக்கு ஓரளவு இடமிருந்தது. வெறும் பெயர்களும் திகதிகளும் மட்டும் எடுக்கப்பட்டிருப்பின் அவ்வாதமும் இல்லை. அன்றியும், அதனை அகற்றுவித்தது நீதிமன்றமன்று, எழுதியோரின் சினமே. 2020 இல் பிளக்ஸ்ரோன் என்னும் முதலீட்டு நிறுவனம் அன்செஸ்ற்றியை 470 கோடி டொலருக்கு வாங்கியது. அத்தொகையில் எத்தனை பங்கு கூலியின்றி எழுதிக்கொடுத்தோரின் உழைப்பு என்பதை எந்தக் கணக்காளரும் பிரித்துக் காட்டப்போவதில்லை.

இதற்கு மாறான முயற்சியாக 1998 இல் இங்கிலாந்தில் தொடங்கிய பிறீ பி.எம்.டி. குறிப்பிடத்தக்கது. 1837 முதலான பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுச் சுட்டிகளைத் தொண்டர்கள் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எவரும் கட்டணமின்றித் தேட வழிசெய்தனர். அத்தொகுப்பின் ஒரு பகுதி அன்செஸ்ற்றியின் தளத்திலும் இடம்பெற்றது உண்மை. ஆயினும் மூலம் பொது அமைப்பின் கையிலேயே இருந்தமையால், பிரதி எங்கே சென்றாலும் இலவச வாசல் மூடப்படவில்லை. இங்கு தொண்டரின் கொடையைக் காத்தது பதிப்புரிமையன்று, அமைப்பொன்று.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வெறுந் தரவைப் பாதுகாப்பிலிருந்து விலக்கி, தெரிவாலும் ஒழுங்கமைப்பாலும் சுயத்தன்மை பெற்ற தொகுப்பை மட்டும் ஏற்கின்றது. எனவே பீஸ்ற் எழுப்பிய பிரச்சினை இங்கும் உள்ளது. 1908 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியத்தின் சஞ்சிகை, பறங்கியர் குடும்பங்களின் வமிசாவளிகளை இதழ்தோறும் தொடர்ந்து அச்சிட்டு வந்தது. அவுஸ்திரேலியாவிற் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இன்று தம் வேரைத் தேடும்போது அவ்விதழ்களே துணையாகின்றன. அவற்றின் முன்னுரையையும் விவரணங்களையும் எழுதியவருக்கு உரிமை இருக்கலாம். இன்னார் இன்னாரை மணந்தார் என்பதற்கு எவருக்கும் இல்லை. ஆனால் அதற்கும் அடியிலுள்ள ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைத் தோம்புகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவ்வேடுகளை நாளை யார் படம்பிடிப்பார், எந்த நிபந்தனையுடன், அப்படங்களின் ஒரு பிரதி கட்டணமின்றித் திணைக்களத்தின் வாசகரிடம் எஞ்சுமா என்பவை பதிப்புரிமைச் சட்டத்தாற் தீர்க்கப்படாதவை. படம்பிடிப்பதற்கு ஒப்பந்தம் எழுதப்படும் நாளில், எழுதுபவரின் மேசையிலேயே அவை தீர்க்கப்பட வேண்டும்.