வெற்றிகரமாக நிறுவப்பட்டது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில், கிளவுட் கம்ப்யூட்டிங் லேபின் முதல் பயிற்சி இது: விண்டோஸ் 7 அல்லது 8-இன் மேல் வெர்ச்சுவல்பாக்ஸையோ விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனையோ நிறுவி, அதற்குள் லினக்ஸோ வேறொரு விண்டோஸோ ஓட்டிக் காட்ட வேண்டும். கணினிக்குள் இன்னொரு கணினி. இங்கே கீழக்கரையில் 1984 முதல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இந்தக் கரைப் பிள்ளைகள் பலருக்கு மெய்நிகராக்கம் கைக்கு வருவது இப்படியொரு லேபில்தான். அப்போது அவர்கள் முன்னால் இருப்பது மென்பொருளோடு வரும் பெரிய ஆங்கிலக் கையேடு அல்ல, ஆண்டுக்காண்டு ஜெராக்ஸ் எடுக்கப்படும் லேப் மேனுவல்.

படிப்பவர் சொல்லும் குறையை வைத்துக் கையேட்டைத் திருத்துவது மென்பொருள் உலகில் வேரூன்றிவிட்ட வழக்கம். அது தேவையான வழக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுதுபவருக்கு மென்பொருள் அத்துப்படி. அதனாலேயே புதியவர் தடுக்கி விழும் இடம் அவர் கண்ணில் படாது.

வெர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக உருவாக்கும் மெய்நிகர் கணினிக்கு இயல்பாக ‘நாட்’ வலையமைப்பு அமையும், உள்ளே 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். அங்கிருந்து இணையம் வரும். ஆனால் வெளியே விண்டோஸிலிருந்து அதே முகவரிக்குப் பிங் அடித்தால் பதில் வராது. இரண்டாவது மெய்நிகர் கணினியை உருவாக்கினால் அதற்கும் அதே 10.0.2.15. ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குவார் மாணவர். எதுவும் கெடவில்லை, நாட் முறையின் இயல்பே அது. இப்போதைய கையேட்டின் வலையமைப்பு அத்தியாயத்தில், எந்த முறையில் எது எதை அடைய முடியும் என்று ஒரே பார்வையில் காட்டும் அட்டவணை உண்டு. படிப்பவர் கேட்கும் கேள்வியின் வடிவிலேயே அமைந்த பதில் அது. கருத்துக் கேட்பதன் உச்சப் பயன் இத்தகைய பக்கங்கள்தான்.

ஓட்டைகளும் உண்டு. பயாஸில் விடி-எக்ஸ் (செயலியின் மெய்நிகராக்க வசதி) அணைந்திருந்தால், வெர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் 64-பிட் இயங்குதளங்களே தென்படாமல் போகலாம். பிழைச் செய்தி எதுவும் அந்த இடத்தில் வராது. “காக்கா (அண்ணா), லிஸ்டுல 64-பிட்டே வரலையே” என்று துபாயிலிருக்கும் சீனியருக்கு வாட்ஸ்அப் போகும். “பயாஸ்ல போயி விடி-எக்ஸை ஆன் பண்ணு” என்று குரல்பதிவு வரும். வேலை முடிந்தது. கையேட்டை எழுதியவருக்கு இது எந்தக் காலத்திலும் எட்டாது. குறை எழுதி அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயங்காதவர்கள், பாதி விடையை ஏற்கெனவே கண்டவர்கள். தோற்று விலகியவர் எழுதுவதில்லை. எழுதுபவர்களுக்கு ஏற்பத் திருத்தப்படும் கையேடு, தேறியவர்களுக்கே மேலும் வசதியாகிக்கொண்டு போகும்.

வந்து சேரும் குறையை யார் கையாள்கிறார்கள் என்பதும் முக்கியம். மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வி ஆவணங்களைக் கிட்ஹப்பில் வைத்தது. படித்தவர்கள் அங்கேயே குறைகளைப் பதிந்தார்கள். பிறகு, தன் ஆவணங்களுக்குக் கிட்ஹப் வழியே குறை பெறும் முறையை 2024-இல் படிப்படியாக நிறுத்தி வேறு முறைக்கு மாறுவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு வரும் குறைகளைச் சலிப்பது பெரும்பாடு என்பது புரிகிறது. ஆனாலும் ஒருவர் பதிந்த குறையையும் அதற்கான பதிலையும் அடுத்தவர் படிக்க முடிந்ததே, அது போனதுதான் பெரிய இழப்பு. ‘இந்தப் பக்கம் பயன்பட்டதா’ என்று கேட்கும் பொத்தான், வலிக்கிறது என்று மட்டும் சொல்லி இடத்தைக் காட்டாத நோயாளியைப் போன்றது.

லேப் மேனுவலின் நிலை இதற்கு நேரெதிர். படிப்பவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கை தூக்குகிறார், லேப் உதவியாளர் வந்து சரிசெய்கிறார், போகிறார். தாளில் ஒன்றும் மாறுவதில்லை. நம் ரெக்கார்டு நோட்டின் அமைப்பே இதற்குத் துணைபோகிறது: நோக்கம், செய்முறை, முடிவு. முடிவில் எல்லோரும் ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்றே எழுத வேண்டும். மூன்று மணிநேரத்தில் எங்கே நின்றோம், எப்படி மீண்டோம் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. உலக நிறுவனங்கள் பொத்தான் வைத்துத் தேடும் தகவலை, மதிப்பெண்ணுக்காக நாமே பிள்ளைகளை மறைக்கவைக்கிறோம். எனக்கு இதில்தான் கோபம்.

ரெக்கார்டில் ‘எங்கே நின்றது’ என்று ஒரு பகுதி வேண்டும். விண்டோஸ் எது, வெர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு எது, ரேம் எவ்வளவு, திரையில் வந்தது என்ன என்று நான்கு வரி போதும்; அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். பருவ முடிவில் ஒரு ஆசிரியர் அவற்றைப் படித்து மேனுவலைத் திருத்தட்டும். எச்சரிக்கைகளைச் சேர்த்துக்கொண்டே போகாமல், பழையதை வெட்டும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். 2012 முதல் கணியம் மின்னிதழ் செய்வதுபோல, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரும் உரிமத்தில் வெளியிட்டால் பக்கத்துக் கல்லூரிக்கும் உதவும்.

அப்படித் திருத்தினால் முதல் பக்கத்தில் வர வேண்டியது நிறுவல் அல்ல. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்கி, ‘வெர்ச்சுவலைசேஷன்’ எனேபிள்டு என்று இருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லும் வரிதான் முதலில் வர வேண்டும்.