நெல்மணிக்குள் உறையாத நீர்

நீர் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் உறையும் என்பது குளத்துக்கும் குடத்துக்கும் பொருந்தும் விதி. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்க்குள் அடைபட்ட நீர் அந்த விதிக்குள் நிற்பதில்லை. எப்போது உறைவது என்பதை அங்கே குழாயின் அகலமும் சுவரின் தன்மையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பனிக்கட்டி விழாத தஞ்சை மண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காவிரிப் படுகையின் நெல் ரகங்கள் அடுத்த நூற்றாண்டைக் காணுமா என்ற கேள்வி இந்த அறிவியலோடு பிணைந்திருக்கிறது.

இத்துறையின் தொடக்கம் பழையது. 1859இல் இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்த நீர் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயும் உறையாமல் இருப்பதைப் பதிவு செய்தார். நீர் கொஞ்சமாக இருக்கும்போது பனிப்படிகம் முளைவிடும் வாய்ப்பும் குறைவு. குழாய் இன்னும் ஒடுங்கினால் வேறொரு காரணமும் சேர்கிறது. சிறு படிகத்தில் உட்பகுதியைவிட மேற்பரப்பின் பங்கு அதிகம். அதனால் அது எளிதில் உருகிவிடும். சுமார் 4 நானோமீட்டர் அகலமுள்ள சிலிக்கா துளைக்குள் பனி, பூஜ்ஜியத்துக்கு முப்பது டிகிரிக்கும் கீழே உள்ள குளிரிலேயே உருகுகிறது. சுவரை ஒட்டிய ஓரிரு அடுக்கு மூலக்கூறுகளோ சுவரையே பற்றிக்கொண்டு, படிக வரிசையில் சேராமல் நின்றுவிடுகின்றன.

1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு ஆய்வு வேகம் பிடித்தது. 2001இல் இரண்டு கணினி ஆய்வுகள் வெளிவந்தன. சுமார் 0.8 நானோமீட்டர் அகலக் குழாய்க்குள் நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் நுழையும் என்று ஹம்மர் குழு காட்டியது. சற்றே அகலமான குழாயில் நீர் சதுரமாகவும் ஐங்கோணமாகவும் அறுகோணமாகவும் வளையம் கட்டி, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கிப் பனிக்குழாயாக மாறும் என்று கோகா குழு காட்டியது. எக்ஸ் கதிர்ச் சோதனைகள் பின்னர் இதற்குச் சான்று தந்தன.

2016இல் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழு வெளியிட்ட முடிவு எல்லோரையும் வியக்க வைத்தது. அதன் முதன்மை ஆசிரியர் குமார் வரூண் அகர்வால். 1.05 நானோமீட்டர் குழாயில் நீர் திடநிலையிலிருந்து உருகிய வெப்பநிலை 105 டிகிரிக்கும் 151 டிகிரிக்கும் இடையில் இருந்தது. வெளியே நீர் கொதித்து ஆவியாகும் சூட்டில், உள்ளே அது உறைந்து நிற்கிறது. குழாயின் அகலம் 1.06 நானோமீட்டர் ஆனதும் அந்த எல்லை 87க்கும் 117க்கும் இடையே இறங்கியது. ஆக, ஒடுக்கம் உறைநிலையைக் கீழே தள்ளவும் செய்யும், மேலே ஏற்றவும் செய்யும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் இத்துறையில் இடமுண்டு. பிரபால் மைத்தி நானோகுழாய் நீரையும், பிமன் பக்சி புரதங்களை ஒட்டிய நீரையும் ஆராய்ந்தவர்கள். ஒடுங்கிய வழியில் நீரைக் கையாளும் இந்த உத்தியை உயிர் முன்பே கைக்கொண்டுவிட்டது. செல் சவ்வில் நீரை ஒற்றை வரிசையில் கடத்தும் அக்வாபோரின் புரதத்தைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் நோபல் பரிசு பெற்றார். நெல்லின் மரபணுத் தொகுதியில் அக்வாபோரினுக்கு மட்டும் 33 மரபணுக்கள்.

இனி விதைநெல்லுக்கு வருவோம். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும்போது டெல்டா விவசாயியின் நாவில் ஓயாமல் புழங்கும் சொல் ஈரப்பதம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். சான்று விதைக்கு 13. மரபணு வங்கியில் 3 முதல் 7. இந்தப் படிகளில் இறங்க இறங்க, முதலில் தளர்வாக இருக்கும் நீர் வெளியேறுகிறது. கடைசியில் எஞ்சுவது மாவுச்சத்தையும் புரதத்தையும் பற்றிய சில அடுக்கு நீர். அதற்குப் படிகமாக இடமில்லை. உறையும்போது நீர் 9 சதவீதம் விரியும். ஈர விதையில் அந்தப் பனி செல்களைக் கிழித்துவிடும். 14 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த விதையில் பனியாக மாறத்தக்க நீரே இல்லை. டெல்லியின் தேசிய மரபணு வங்கியும் 2008இல் திறந்த நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகமும் மைனஸ் 18 டிகிரியில் விதையை உயிரோடு காக்க முடிவது இதனால்தான்.

விதை காயும்போது நிகழும் மாற்றத்தை நம் விவசாயிகள் பல்லால் அளந்தவர்கள். காய்ந்த விதைநெல்லைக் கடித்தால் டக்கென்று உடையும். ஈரம் இருந்தால் நசுங்கும். நீர் குறையக் குறைய மணியின் உட்பகுதி இளகிய நிலையிலிருந்து கண்ணாடி போன்ற இறுகிய நிலைக்குப் போவதையே பல் உணர்கிறது. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த நடைமுறை விதி. களத்தில் நன்றாகக் காயவைத்துப் பத்தாயத்தில் கொட்டிய கைகள் அதை அனுபவத்தில் அறிந்திருந்தன.

நானோகுழாய் ஆய்வாளர் ஒரே அகலக் குழாயைத் தேர்ந்து சோதிக்கலாம். விதைக்குள்ளோ ஆயிரம் விதமான துளைகள்; ரகத்துக்கு ரகம் மாவுச்சத்தும் வேறு. மாப்பிள்ளைச் சம்பாவும் ஆடுதுறை 36உம் நீரை ஒரே மாதிரிப் பிடித்து வைக்கும் என்று எண்ணக் காரணமில்லை. ஒடுங்கிய நீரின் அறிவியல் அடுத்து நுழைய வேண்டிய இடம் இதுவே. 1922 முதல் நெல்லையே கவனித்துவரும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இயற்பியல் ஆய்வகங்களோடு கைகோத்து, நம் பாரம்பரிய ரகம் ஒவ்வொன்றும் எவ்வளவு நீரை உறையாமல் பிடித்து வைக்கிறது என்று அளந்து அட்டவணையிட வேண்டும். மரபணு வங்கிக்கும் விவசாயியின் வீட்டுப் பத்தாயத்துக்கும் ஒருசேரப் பயன்படும் வேலை அது.